ஐம்பதைத் தாண்டி ஆர்கன்: வீட்டிலேயே கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், குழித்துறையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, கோவில் (நாங்கள் தேவாலயத்தையும் கோவில் என்றுதான் சொல்வோம்) பாடகர் குழுவில் நின்று பழகிய குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ போய்விட்டபின், பென்ஷனும் பகல் பொழுதும் கையில் வந்தபின், அவர்களில் சிலருக்கு ஆர்கன் ஆசை வருகிறது. வந்து கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பாக், பக்ஸ்டெஹூடே, பிராங்க் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் இசையை இரண்டு கைகளாலும் இரண்டு கால்களாலும் வாசிக்கும் ஆர்கனைப் பற்றியே பேச்சு. பொத்தானை அழுத்தினால் டிரம்ஸ் அடிக்கும் கீபோர்டு வாசிப்புக்கு இதில் வழி தேட வேண்டாம்.

ஐம்பத்தெட்டு வயதாகிறது. இனிமேல் விரல் வளையுமா?

வளையும். ஆர்கன் கட்டையை அழுத்த வலு தேவையே இல்லை. பியானோவில் ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி, மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி. ஆர்கனில் எப்படி அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான். கட்டை கீழே இருக்கும்வரை குழாய்க்குள் காற்று போய்க்கொண்டே இருக்கும். ஒலி தேயாது, மங்காது. விரலை எடுத்த கணத்தில் நின்றுவிடும். ஆகவே இந்த வாத்தியத்தில் கஷ்டம் முழுவதும் விரலை எடுப்பதில்தான் இருக்கிறது. எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, அடுத்த சுரத்துக்கு முன் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை வைத்துத்தான் அழுத்தம், நளினம், மூச்சு எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு வேண்டியது காதும் பொறுமையும். நாற்பது வருடம் பாடகர் குழுவின் உள்குரல்களான ஆல்ட்டோவோ டெனரோ பாடிய ஒருவருக்கு இரண்டும் இருக்கும்.

வயதானால் எது தாமதமாகும் என்றால், கையும் காலும் வேறுவேறு வேலை செய்யப் பழகுவது. பதினைந்து வயதுப் பையன் ஒரு வாரத்தில் பிடிப்பதை நாம் ஒரு மாதத்தில் பிடிப்போம். கச்சேரி மேடைக்காரர்களின் வேகம் நமக்கு வராது; அதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்வது நல்லது. பாமாலைகள், பாக் எழுதிய சிறிய கொரால் முன்னிசைகள் (பாமாலை மெட்டை வைத்து எழுதியவை), எளிய ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் இசை) ஒன்றிரண்டு ஆகியவை எட்டக்கூடியவை. அதுவே பெரிய சொத்து.

பியானோ படித்ததில்லை. கீபோர்டில் கோர்டு போட்டு வாசிப்பேன். போதுமா?

தொடங்கப் போதும். ஆனால் இடது கையால் கோர்டைக் கொத்தாகப் பிடித்து வலது கையால் ராகத்தை வாசிக்கும் பழக்கத்தை மெல்ல மறக்க வேண்டும். ஆர்கன் இசையில் இடது கையும் பாடுகிறது, காலும் பாடுகிறது.

எனக்கு சோல்பா (டோ ரே மீ எழுத்து முறை) நன்றாகத் தெரியும். ஸ்டாஃப் (ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதும் முறை) தெரியாது. அதைப் படித்தே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். ஆனால் சோல்பா வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கோவில் பாடகர் குழுக்கள் டோ ரே மீ எழுத்துகளைப் பார்த்தே நாலு குரலில் பாடப் பழகியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாரா குளோவர் தொடங்கிய முறையை ஜான் கர்வென் சீர்செய்து பரப்பினார். மிஷனரிகளோடு அது இங்கே வந்து சேர்ந்தது. சோல்பாவில் வளர்ந்தவருக்கு ஒரு சுரம் எங்கே போய் அமரத் துடிக்கிறது என்பது காதில் ஊறிப்போயிருக்கும். ஸ்டாஃப் மட்டும் படித்த பலருக்கு அது வருவதில்லை.

சிக்கல் எங்கே வரும் என்றால், சோல்பாவில் டோ இடம் மாறும். ஜி சுருதியில் ஜி கட்டை டோ. எஃப் சுருதியில் எஃப் கட்டை டோ. வாய்க்கு இது பிரச்சினையே இல்லை. விரலுக்கும் காலுக்கும் உண்டு. ஆகவே என் யோசனை இது: முதலில் பாஸ் கிளெஃப் (தாழ்ந்த சுரங்களை எழுதும் கீழ்வரிக் குறி) படியுங்கள். எல்லாரும் மேல்வரியிலிருந்து தொடங்குவார்கள். பிறகு கீழ்வரியில் ஆயுள் முழுவதும் தடுமாறுவார்கள். ஆர்கன் இசை மூன்று வரிகளில் எழுதப்படும். மேல்வரி வலது கைக்கு, நடுவரி பெரும்பாலும் இடது கைக்கு, அடிவரி காலுக்கு. இவற்றில் கீழ் இரண்டும் பெரும்பாலும் பாஸ் கிளெஃபில்தான் வரும். ஸ்டாஃபோடு அச்சிட்ட பாமாலைப் புத்தகத்தை எடுத்து, நீங்கள் மனப்பாடமாகப் பாடும் நாலைந்து பாட்டுகளின் பாஸ் வரிக்குக் கீழே பென்சிலால் சோல்பா எழுதுங்கள். அதற்கு மேல் எழுத வேண்டாம். எழுதிக்கொண்டே போனால் கண் எழுத்தைத்தான் படிக்கும், புள்ளியைப் படிக்காது.

வீட்டுக்கு என்ன வாங்குவது?

இதைக் கேட்கும்போதே பலர் மனத்தில் வெளிநாட்டு டிஜிட்டல் ஆர்கன் ஒன்றின் படம் இருக்கும். அருமையான கருவிகள்தான். விலை லட்சங்களில். பழுதானால் பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார். இரண்டு வருடம் விடாமல் வாசித்த பிறகு அதை யோசிக்கலாம்.

அதுவரை கணினி வழி போதும். 61 கட்டை உள்ள, யு.எஸ்.பி. அல்லது மிடி இணைப்பு (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்வது) உள்ள கீபோர்டு ஒன்று. பல வீடுகளில் பிள்ளைகள் விட்டுப்போன கீபோர்டு அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும். பின்பக்கம் அந்த இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே போதும். அதன் சொந்த ஒலி வராதபடி லோக்கல் கன்ட்ரோல் என்ற அமைப்பை நிறுத்திவிட்டுக் கணினியோடு இணைக்க வேண்டும். புதிதாக வாங்கினால் பியானோ போலக் கனமாக இறங்கும் கட்டைகளைத் தவிருங்கள். ஆர்கன் கட்டை இலகுவாக இறங்கி உடனே எழ வேண்டும்.

கணினியில் கிராண்ட்ஆர்க் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஹாப்ட்வெர்க் என்று ஒன்று உண்டு. சிறப்பானது, காசு கொடுக்க வேண்டும். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. ஐரோப்பியக் கோவில் ஆர்கன்களின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பதிவுசெய்து வைத்த தொகுப்பை நினைவகத்தில் ஏற்றி, நீங்கள் கட்டையைத் தொட்டதும் அந்தக் குழாயை ஒலிக்க வைக்கும். தொகுப்புகளில் இலவசமானவையும் உண்டு. பெரிய கதீட்ரல் ஆர்கனைத் தேடி ஓட வேண்டாம். சிறிய கிராமத்துக் கோவில் ஆர்கனே பயிற்சிக்கு நல்லது. கணினி நினைவகமும் மிச்சம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஏசியோ டிரைவர் என்ற ஒலி மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கட்டையை அழுத்திய பிறகு ஒலி தாமதித்து வரும். புளூடூத் ஹெட்ஃபோன் கூடவே கூடாது, அதே காரணம்தான். கம்பி உள்ள ஹெட்ஃபோன் வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வாழ்த்துவார்.

இன்னொன்று: எதிரொலியைக் குறைத்து வைத்துப் பயிற்சி செய்யுங்கள். கதீட்ரல் எதிரொலியில் எல்லாரும் பெரிய வித்வான்களாகக் கேட்பார்கள். விரலை நேரத்துக்கு எடுத்தோமா என்பதை அது அடியோடு மறைத்துவிடும்.

கால் கட்டைகள் அவசியமா? எங்கே கிடைக்கும்?

அவசியம். இரண்டாவது கீபோர்டு வாங்கும் காசு இருந்தால் அதைக் கால் கட்டைப் பலகைக்குப் போடுங்கள் என்பது என் பிடிவாதம். ஒரே கீபோர்டும் கால் பலகையும் இருந்தால் பாமாலை முழுவதும் வாசிக்கலாம். இரண்டு கீபோர்டு இருந்து காலுக்கு எதுவும் இல்லாவிட்டால் அது பாதி ஆர்கன்.

கடையில் கிடைப்பது அரிது. ஆனால் நம் ஊரில் ஆசாரிக்குப் பஞ்சமில்லை. தேக்கும் அயனியும் தெரிந்த கைகள். 30 கட்டைகள், தட்டையான நேர்ப்பலகை செய்யச் சொல்லுங்கள். குழிந்து விசிறிபோல விரியும் 32 கட்டைப் பலகை காலுக்கு வசதிதான், ஆனால் அதைச் செய்வது தலைவலி. 30 கட்டை என்றால் வெள்ளை 18, கறுப்பு 12. ஒரு வெள்ளைக் கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு இரண்டரை அங்குலம். அப்படியானால் கட்டைகள் மட்டும் 45 அங்குலம், சட்டத்தோடு சேர்த்து நாலடி வரும். அறைக் கதவை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஸ்பிரிங், அடியில் ஒரு சிறு காந்தம், எதிரே ஒரு ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த சுவிட்ச் அது. காந்தம் கிட்டே வந்தால் உள்ளிருக்கும் தகடுகள் ஒட்டும், விலகினால் பிரியும். காற்றுப் படாததால் நம் மழைக்காலத்திலும் துருப் பிடிக்காது. இந்த முப்பது சுவிட்சுகளையும் மிடி என்கோடர் பலகை ஒன்றில் இணைத்துக் கணினியில் செருக வேண்டும். இதற்கு ஆசாரி போதாது. மின்னணுவியல் படித்த மருமகனோ அண்டை வீட்டுப் பையனோ வேண்டும்.

பெஞ்சு உயரம்தான் எல்லாரும் கோட்டைவிடும் இடம். உட்கார்ந்தால் பாதம் கட்டையின் மேல் தொட்டு நிற்க வேண்டும், அழுத்தக் கூடாது. தாழ்ந்திருந்தால் அடியில் பலகைத் துண்டு கொடுத்து உயர்த்துங்கள்.

பழைய பங்களாவில் கால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் ஒன்று கிடக்கிறது. பயன்படுமா?

நம் பகுதியில் லண்டன் மிஷன் காலத்துக் கோவில்களிலும் பங்களாக்களிலும் இது இன்னும் மூலையில் கிடக்கும். இதில் குழாய் கிடையாது, பித்தளை ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய நாக்குகள்). பாரிஸில் டெபான் என்பவர் 1842இல் காப்புரிமை பெற்ற ஹார்மோனியத்தின் வம்சம். ஐரோப்பிய ஹார்மோனியம் காற்றைத் தள்ளி ரீடை ஒலிக்க வைக்கும். அமெரிக்க ரீட் ஆர்கன் காற்றை உறிஞ்சி ஒலிக்க வைக்கும். இங்கே இரண்டும் வந்திருக்கின்றன.

துருத்தித் துணி கிழிந்திருந்தால் மாற்றலாம். சில கட்டைகள் ஊமையாக இருந்தால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தூசியோ ஈசல் இறகோ சிக்கியிருக்கும். ரீடை அதன் பள்ளத்திலிருந்து கொக்கியால் மெல்ல இழுத்து, மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் பேசத் தொடங்கும். அரத்தை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம்; ஒரு இழுப்பில் சுருதி போய்விடும்.

கால்கள் துருத்தி மிதிக்கவே சரியாகிவிடுவதால் பெடல் பயிற்சிக்கு இது உதவாது. ஆனால் கைக்கு மிக நல்ல ஆசான். செசார் பிராங்க் இதே வகை வாத்தியத்துக்கென்றே 59 சிறு துண்டுகள் எழுதியிருக்கிறார், லார்கானிஸ்ட் என்ற தொகுப்பாக. பல துண்டுகள் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். காலே வேண்டாம்.

மழை, ஈரம், மின்தடை: இவற்றோடு எப்படிச் சமாளிப்பது?

இடவப்பாதியும் துலாமழையும் இரண்டும் பெய்யும் ஊர் இது. கீபோர்டைப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். எறும்பு கூடு கட்டும், பல்லி முட்டையிடும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மலிவான வகையில் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல் கேட்கும். கரண்ட் போனால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஒலியில்லாமல் கால் பலகையில் மட்டும் பழகுங்கள். அதுவும் பயிற்சிதான்.

ஸ்டாப்புகளில் (குழாய் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் இழுப்புக் குமிழ்கள்) 8, 4, 2, 16 என்று எண் போட்டிருக்கிறதே, அது என்ன?

அடிக்கணக்கு. 8 என்றால் கீபோர்டின் ஆகக் கீழ் சி கட்டைக்குரிய குழாய் ஏறத்தாழ எட்டடி நீளம். பியானோவின் அதே சுருதியில் ஒலிக்கும். 4 ஒரு ஸ்தாயி மேலே, 2 இரண்டு ஸ்தாயி மேலே, 16 ஒரு ஸ்தாயி கீழே. காலுக்கு 16ஐயும் 8ஐயும் சேர்த்து வைப்பது வழக்கம். கைக்குப் பயிற்சியின்போது ஒரே ஒரு 8 அடி ஃபுளூட் ஸ்டாப் போதும். எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவைத்து வாசிப்பது சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியை எப்படித் தொடங்குவது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

ஓல்டு ஹண்ட்ரட்த் என்று பாடகர் குழுக்காரர் எல்லாருக்கும் தெரிந்த ராகம். 1551இல் பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கிய ஜெனீவா புத்தகத்தில் வந்தது. லூயி பூர்ஷ்வா இயற்றியதாகச் சொல்வார்கள். இதன் மேல்குரலைப் பாருங்கள். முதல் வரி: டோ டோ டீ லா சோ டோ ரே மீ. இரண்டாவது வரி: மீ மீ மீ ரே டோ ஃபா மீ ரே.

முதல் வரியின் முதல் இரண்டு சுரமும் ஒன்றே. இரண்டாவது வரியில் மூன்று மீ. பியானோவில் திரும்பத் தட்டினால் போதும், காது தானே பிரித்துக் கேட்கும். ஆர்கனில் முதல் டோவை முழு நேரமும் பிடித்துவிட்டு உடனே இரண்டாவதைத் தட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளச் சுரமாகிவிடும்; பாட்டில் ஒரு சொல் காணாமல் போகும். ஆகவே முதல் டோவைப் பாதி நேரம் ஒலிக்கவிட்டு, மீதிப் பாதிக்கு விரலைத் தூக்கிவிடுங்கள். பிறகு டோ டீ லா சோ என்று இறங்கும்போது இடைவெளியே தெரியாமல் கோத்து வாசியுங்கள். அதற்கு விரல் போதாமல் போகும். அங்கேதான் விரல் மாற்று வருகிறது: நடுவிரலால் பிடித்திருக்கும் கட்டையை விடாமலே, ஓசைப்படாமல் சுண்டுவிரலை அதன்மேல் நழுவவிட்டு நடுவிரலை விடுவிப்பது. சுரம் அறுபடக் கூடாது. இந்த ஒரே அசைவை முதல் மாதம் முழுவதும் பழகினாலும் நேரம் வீணாகாது.

ஆல்ட்டோ, டெனரில் ஒரே சுரம் திரும்பி வந்தால் அதைத் தூக்க வேண்டியதில்லை, பிடித்தே வைக்கலாம். நாலு குரலும் ஒரே நேரத்தில் எழுந்து விழுந்தால் பாட்டு தறி அடிப்பதுபோல் இருக்கும். மேல்குரல் மூச்சு விடட்டும், உள்குரல்கள் தாங்கட்டும்.

இனிச் சேர்க்கும் வரிசை. வலது கை தனியே. இடது கை தனியே. கால் தனியே. பிறகு வலது கையும் காலும். பிறகு இடது கையும் காலும். பிறகு இரண்டு கைகளும். கடைசியில்தான் மூன்றும். இதில் இடது கையும் காலும் சேரும் கட்டத்தில்தான் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பாஸ் குரலை இத்தனை நாள் வாசித்தது இடது சுண்டுவிரல். அந்த வேலையைக் காலிடம் கொடுத்தால் அதற்குப் பொறுக்காது, காலின் பின்னாலேயே ஓடும். மருந்து ஒன்றுதான். இடது கையால் டெனரை மட்டும் வாசியுங்கள், அந்த டெனரை வாய்விட்டுப் பாடுங்கள், பாஸைக் காலால் மிதியுங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் யோசிக்க நேரம் கிடைக்கும் அளவுக்கு மெதுவாக. தப்பு வந்தால் வேகம் அதிகம் என்று பொருள், வயது அதிகம் என்று பொருளல்ல.

காலைக் குனிந்து பார்க்காதீர்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டமாக இருக்கும். கூட்டங்களுக்கு நடுவே பெருவிரல் பக்கம் ஒரு அகன்ற இடைவெளி தட்டுப்படும். அதை உரசித் தேடினால் பியும் சியும், இயும் எஃப்பும் எங்கே என்று கால் தானே கண்டுகொள்ளும். முழங்கால்கள் கூடியமட்டும் நெருங்கி இருக்கட்டும். முதலில் பெருவிரல் பக்கம் மட்டும் பயன்படுத்துங்கள், குதிகால் பிறகு.

நேரம்? காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். ஞாயிறு மத்தியானம் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட இது மேல்.

என்ன செருப்பு, என்ன உடை?

ரப்பர் அடி ஒட்டிக்கொள்ளும். வெறுங்கால் வழுக்கும், குதிகாலும் எட்டாது. மெல்லிய தோல் அடியும் ஓரங்குலக் குதியும் உள்ள இறுகிய ஷூ வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் பழைய ஷூவைக் கொடுத்து அடியை மட்டும் தோலாக மாற்றினால் போதும். அதைத் தெருவில் போடாதீர்கள். ஒரு மணல் துகள் ஒட்டினாலும் கட்டையைக் கீறும். செருப்பை வெளியே விடும் கோவில்களில் இதைத் தனிப் பையில் கொண்டுபோய் உள்ளேயே மாற்றிக்கொண்டால் யாரும் ஆட்சேபிப்பதில்லை, ஆனாலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வீட்டில்தானே என்று சாரம் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். முழங்காலைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். சேலை ஓரம் கட்டைகளுக்கு நடுவே சிக்கும். சுடிதார் நல்லது.

கண்ணாடி, முதுகுவலி, சர்க்கரை?

மூன்றும் முக்கியம். புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்கள் நோட்டுப் பக்கத்தைப் பார்க்க மோவாயைத் தூக்குவார்கள்; அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கண்ணிலிருந்து நோட்டுத் தாங்கி வரை உள்ள தூரத்தை அளந்து, அந்த ஒரே தூரத்துக்குத் தனிக் கண்ணாடி எழுதித் தரும்படி கண் மருத்துவரிடம் கேளுங்கள். பெஞ்சுக்கு முதுகுச் சாய்வு கிடையாது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் கட்டை விளிம்பு குத்துவது தெரியாது. வெறுங்காலுடன் வாசிக்கவே கூடாது, வாசித்து முடித்ததும் பாதத்தைப் பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள்.

எந்தெந்த இசையை எந்த வரிசையில் படிப்பது?

பாமாலைகள் ஒரு வருடம். கூடவே காலில்லாத பிராங்க் துண்டுகளும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகல்பெல்லின் கையால் மட்டும் வாசிக்கும் சிறு ஃபியூகுகளும். பிறகு எட்டுச் சிறு முன்னிசை ஃபியூகுகள் என்று பெயர்பெற்ற தொகுப்பு, பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புகளின் பட்டியல் எண்) 553 முதல் 560 வரை. பாக் பெயரில் வழங்கினாலும் அவர்தான் எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. யார் எழுதியிருந்தாலும் கற்பவருக்கு நல்ல தீனி.

அதன்பின் ஆர்கல்புஷ்லைன். பாக் 164 கொரால்களுக்கு இடம் ஒதுக்கி, நாற்பத்தாறில் நிறுத்திய கையேடு. தொடக்கநிலை ஆர்கனிஸ்டுக்கான வழிகாட்டி என்று முகப்பில் அவரே எழுதியிருக்கிறார். அவருடைய தொடக்கநிலையும் நம்முடையதும் ஒன்றல்ல. அதில் பி.டபிள்யூ.வி. 639ஐ மட்டும் கொஞ்சம் முன்பே தொடலாம். மூன்றே குரல்கள்: மேலே பாட்டு, நடுவே இடது கையில் ஓடும் நீர்ச்சலனம், கீழே சீராகத் துடிக்கும் கால். ஒரே சுரத்தில் கால் திரும்பத் திரும்ப வரும் இடங்களில், பாமாலையில் பழகிய அதே எடுப்பு இங்கே கைகொடுக்கும். இரண்டு கீபோர்டு வேண்டும் என்ற ஆசை வருவதும் இந்த இடத்தில்தான், அப்போது வாங்கலாம். நோட்டுகள் எல்லாம் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசம்.

பாக்கின் டி மைனர் டொக்காட்டா எப்போது?

எல்லாரும் கேட்பார்கள். முதல் பக்கம் நினைப்பதைவிட எளிது. வாசித்துப் பேரனைப் பயமுறுத்துங்கள். ஃபியூகுக்கு அவசரம் வேண்டாம்.

கர்நாடக இசை தெரியும். அது உதவுமா, தடையா?

தாளம் பெரிய உதவி. சங்கராபரணம் தெரிந்தவருக்கு மேஜர் ஸ்கேல் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதரே மேல்நாட்டு மெட்டுகளில் நோட்டுசுவரங்கள் செய்தார். கமகத்துக்கு மட்டும் இடமில்லை; கட்டை அசையாது. அதைவிடப் பெரிய மாற்றம், ஒரே நேரத்தில் பல குரல்களைக் கேட்பது. ஃபியூகில் ஒரு குரலைப் பாடிக்கொண்டே மற்றவற்றை வாசித்துப் பழகினால் அது வரும்.

நான் கிறிஸ்தவர் அல்ல. படிக்கலாமா?

தாராளமாக. கொரால் முன்னிசை வாசிக்கும்போது அந்தப் பாட்டின் பொருளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே நிறுத்துவது என்பது அதில் இருக்கிறது.

ஆசிரியர்? தேர்வு?

நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பெரிய கோவில்களில் வாசிப்பவர்களை அணுகிப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்கூடப் போதும். இணையவழிப் பாடம் என்றால் ஒரு கேமரா கைக்கு, ஒன்று காலுக்கு. காலைக் காட்டாத பாடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். லண்டன் இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டியும் ஏபிஆர்எஸ்எம்மும் ஆர்கனுக்குத் தரத் தேர்வு வைத்திருக்கின்றன, வயது வரம்பில்லை. பாடத்திட்டத்தை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் ஆசையில் மூன்று துண்டுகளை ஒரு வருடம் அரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உண்மையான குழாய் ஆர்கனை எங்கே கேட்கலாம்?

சென்னைக்குப் போகும்போது செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். 1821இல் கட்டிய கோவில், எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை இசைக்கலைஞர் ஹேண்டல் மானுவல் வாசித்த ஆர்கன் அங்கே. செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலிலும் உண்டு. ஞாயிறு காலை ஆராதனைக்குப் போங்கள். முடிந்ததும் ஆர்கனிஸ்டிடம் மரியாதையாகக் கேட்டால் பக்கத்தில் நின்று பார்க்க விடக்கூடும். 1705இல் பாக், பக்ஸ்டெஹூடேயைக் கேட்க ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு 400 கிலோமீட்டர் நடந்தார். நமக்கு ரயில் இருக்கிறது.

எங்கள் கோவிலில் ஆராதனைக்கு வாசிக்கச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

ஒரு பாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை வழக்கமான கீபோர்டு தம்பி வாசிக்கட்டும். முதல் தடவை காலை விட்டுவிட்டுக் கையால் மட்டும். ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லி, கோவில் சாவி வைத்திருப்பவரைப் பிடித்து, வாரநாளில் காலியான கோவிலில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வீட்டில் சரியாக இருந்த இடைவெளி அங்கே எதிரொலியில் மூழ்கிவிடும். இன்னும் சீக்கிரம் விரலை எடுக்க வேண்டும். ஆள் நிறைந்தால் எதிரொலி குறையும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தப்பு வந்தால் நிறுத்தித் திருத்தாதீர்கள். சபை பாடிக்கொண்டே போகும். நம் சபைகள் ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்தையும் இழுப்பவை. அதோடு சண்டை போட்டு வேகமாக ஓடினால் அவர்கள் வரமாட்டார்கள். வரி முடிந்ததும் எல்லா விரலையும் ஒரே நேரத்தில் தெளிவாக எடுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், அடுத்த வரியைத் தயங்காமல் தொடங்குங்கள். சபையும் அந்த மூச்சிலேயே மூச்சு வாங்கும். காலை ஆறரை மணி ஆராதனை என்றால் புத்தகத்தில் உள்ள சுருதியிலிருந்து ஒரு கட்டை இறக்கி வாசியுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் மேல் சுரம் எட்டாது.